அன்னா மணிக்கு நீங்கள் முனைவர் பட்டம் கொடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பெண் விஞ்ஞானிகள் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். அதில் அன்னா மணிக்கும் ஒரு சின்னப் பெட்டி கிடைத்திருந்தது, அதுவும் சந்தோஷம்தான். ஆனால் பெட்டியின் தலையில் 'முனைவர் அன்னா மணி' என்று கொட்டை எழுத்தில் இருந்ததைப் பார்த்ததும் கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் முனைவர் இல்லை. ஆய்வேட்டை எழுதி முடித்துக் கொடுத்த பிறகும் பட்டம் இல்லை என்று சொல்லப்பட்டவர் அவர். பல்கலைக்கழகம் தராததை நீங்கள் போகிற போக்கில் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். நல்ல மனசுதான், ஆனால் தப்பு தப்புதான்.

அப்புறம் இன்னொன்று. பெட்டியில் மொத்தம் பதினோரு வரி. எண்ணிப் பார்த்தேன், எண்ணிப் பார்ப்பது எனக்குத் தொழில் புத்தி. அதில் ஏழு வரி வைரத்தோட்டுக் கதை. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு வாங்கித் தர வந்தார்களாம், சிறுமி அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா புத்தகங்களைக் கேட்டாளாம். கதை உண்மைதான், அழகாகவும் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறுமி வளர்ந்து என்ன செய்தார் என்பதற்கு மிஞ்சியது ஒரே வரி, 'வானிலைத் துறையில் சாதனை படைத்தார்'. என்ன சாதனை? எதைச் செய்தார், எப்படிச் செய்தார்? உங்கள் பத்திரிகை மட்டுமில்லை, எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். 2022இல் அவருடைய 104ஆவது பிறந்தநாளுக்குக் கூகுள் முகப்பில் படம் போட்டபோதும் என் பேத்தியின் போனில் வந்து குவிந்ததெல்லாம் தோடுதான்.

நான் பெரிய படிப்பாளி இல்லை. ஒரு அரசு விவசாயப் பண்ணையில் 26 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே எனக்கிருந்த பல வேலைகளில் ஒன்று, தினமும் காலை 8.30 மணிக்கு மழைமானியைத் திறந்து, பாட்டிலில் இருக்கும் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படித்து, ரெஜிஸ்டரில் எழுதுவது. மழை இல்லாத நாளிலும் போய்ப் பார்த்து '0.0' என்று எழுத வேண்டும். பார்க்காமலே பூஜ்யம் போடுகிறவர்களும் உண்டு, அவர்களைப் பற்றி இங்கே வேண்டாம். அன்னா மணி என்ற பெயரை நான் முதலில் கேட்டதும் அந்தப் பண்ணையில்தான், எனக்கு அளக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர் சொல்லி. அதனால் எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் உரிமை இருப்பதாக நானே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, அவர் கதைக்கு வருகிறேன். கம்பம், கூடலூர் தாண்டிக் குமுளி மலை ஏறினால் வண்டிப்பெரியாறு, அதற்கு அப்பால் பீருமேடு. அங்கே 1918 ஆகஸ்ட் 23ஆம் தேதி பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அப்பா சிவில் இன்ஜினியர், ஏலக்காய்த் தோட்டங்களும் இருந்தன, வசதியான குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாவது. வைக்கம் சத்தியாக்கிரகத்தின்போது காந்தி அந்தப் பக்கம் வந்ததன் தாக்கத்தில் கதர் கட்ட ஆரம்பித்தவர். அந்தக் காலத்து வசதியான வீடுகளில் ஆண் பிள்ளைகளைப் பெரிய வேலைக்கும் பெண் பிள்ளைகளைக் கல்யாணத்துக்கும் தயார் செய்வார்கள். இவர் நூலகத்துப் புத்தகங்களை ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்து 1939இல் ஆனர்ஸ் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் உதவித்தொகை கிடைத்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு, சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

அங்கே என்ன வேலை தெரியுமா? வைரம். தோடு வேண்டாம் என்ற பெண்ணுக்கு வைரத்தையே ஆராய்ச்சியாகக் கொடுத்தார்கள். இந்தப் பொருத்தத்தைக்கூட உங்கள் பெட்டியில் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ராமனிடம் 300 வைரங்கள் போல இருந்தன, அவர் மாணவர்களில் பெரும்பாலோர் வைரத்தையோ மாணிக்கத்தையோ வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். அன்னா மணி 30க்கும் மேற்பட்ட வைரங்களை எடுத்து, ஒவ்வொன்றும் ஒளியை எப்படி உறிஞ்சுகிறது, எப்படித் திருப்பி ஒளிர்கிறது என்று நிறமாலைப் படங்கள் எடுத்தார். வைரத்தைத் திரவக் காற்றின் கடுங்குளிரில் வைத்து எடுக்க வேண்டிய படங்களும் இருந்தன. வருகிற ஒளியோ மிகமிக மங்கல், அது போட்டோ பிளேட்டில் பதிய 15 மணி நேரம், 20 மணி நேரம் ஆகும். நடுவில் ஏதாவது அசைந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ராத்திரி ஆய்வுக்கூடத்திலேயே படுத்துவிடுவாராம். 1942இலிருந்து 1945க்குள் தனியாக, கூட யார் பெயரும் இல்லாமல், ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து நடந்து போவதையே ராமன் பொறுத்துக்கொள்ள மாட்டார் என்று சொல்வார்கள். விஞ்ஞானம் பேசுவதற்கு சகாக்கள் வேண்டும் இல்லையா, டீ குடிக்கும்போது 'உனக்கு இது ஏன் வருகிறது' என்று கேட்க ஓர் ஆள். அது இவர்களுக்கு இல்லை. கருவியில் ஒரு பெண் சின்னத் தவறு செய்தால் திறமை இல்லை என்பார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1945 ஆகஸ்ட்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அந்த நாளில் பெங்களூரில் செய்த ஆராய்ச்சிக்குப் பட்டம் கொடுக்கும் பொறுப்பு அவர்களிடம்தான். எம்.எஸ்ஸி. இல்லை, அதனால் முனைவர் பட்டம் இல்லை என்று பதில் வந்தது. ஆனர்ஸ் படித்தவர், தகுதி பார்த்துத்தான் உதவித்தொகை கொடுத்தார்கள், ஐந்து கட்டுரைகள் அச்சில் இருக்கின்றன, ஒன்றும் எடுபடவில்லை. பட்டம் பெற்றவர்களின் ஏடுகளோடு அவருடைய ஏடும் பைண்ட் செய்யப்பட்டு ராமன் ஆய்வு நிலைய நூலகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார், பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் இல்லாமலே. நீங்கள் இப்போது சேர்த்துவிட்டால் அவருக்கு நடந்ததை அழிரப்பர் வைத்து அழித்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் இந்தத் திருத்தத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

ஆனால் இங்கேயே நின்று 'அய்யோ பாவம்' என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை, அவருக்கும் அது பிடித்திருக்காது. தன்னைப் பாதிக்கப்பட்டவராக அவர் பேசிக்கொண்டதே இல்லை. பெண் என்பதைப் பெரிய விஷயமாக்குவதே அவருக்கு எரிச்சல். பட்டம் இல்லை என்றதும் அதே வருஷம் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார், போர்வீரர்களை ஏற்றிப்போகும் கப்பல். இயற்பியலைத் தொடரத்தான் ஆசை, ஆனால் அப்போது இருந்த உதவித்தொகை வானிலைக் கருவிகள் படிப்புக்குத்தான். சரி என்று லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போய் அதையே படித்தார். கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு போன அந்த முடிவு இந்த நாட்டுக்கு எவ்வளவு பெரிய லாபம் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

1948இல் திரும்பி வந்து புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். அதுவரை சாதாரண வெப்பமானியிலிருந்து எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரும். புதிதாய்ச் சுதந்திரம் வாங்கிய நாடு மழையை அளக்கக்கூட வெளிநாட்டைப் பார்த்து நிற்கிறது. அங்கே எஸ்.பி. வெங்கிடேஸ்வரன் தொடங்கி வைத்த வேலையை இவர் கையில் எடுத்தார். சுமார் 100 வகைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, இங்கேயே செய்யும் ஏற்பாட்டையும் செய்தார். 1953 வாக்கில் அந்தப் பிரிவுக்குத் தலைவர், அவருக்குக் கீழே 121 பேர், எல்லாரும் ஆண்கள்.

வரைபடத்தைத் தரப்படுத்துவது என்றால் படிக்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும் என்று எனக்குத் தெரியும். எனக்கு வராததற்குக் காரணம் ஒரு கண்ணாடிக் குவளை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பண்ணை மழைமானியின் வாய் 100 சதுர சென்டிமீட்டர். அதாவது 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் உள்ளே 10 மில்லிலிட்டர் தண்ணீர் சேரும், அதற்கேற்றபடி குவளையில் கோடு போட்டிருப்பார்கள். 200 சதுர சென்டிமீட்டர் வாய் உள்ள மழைமானியும் உண்டு, அதில் 1 மில்லிமீட்டருக்கு 20 மில்லிலிட்டர், அதற்கு வேறு குவளை. ஒரு ஐப்பசியில் எங்கள் குவளை கை தவறி உடைந்தது. ஸ்டோரிலிருந்து புதுசு வந்தது, பளபளவென்று. நானும் ஊற்றினேன், படித்தேன், எழுதினேன். முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த நாளில் 'இருபது மில்லிமீட்டர்' என்று காட்டியபோது கொஞ்சம் உறுத்தியது. மேலே இருந்தவரிடம் சொன்னேன். 'குவளையில என்ன காட்டுதோ அத எழுதும்மா' என்றார். அடுத்த ஊர் அணைக்கட்டில் எடுத்த கணக்கு எங்களுடையதைப் போல எப்போதும் இரண்டு மடங்காக வருவதைப் பார்த்துத்தான் ஒருநாள் குவளையைத் திருப்பி அடியில் பொறித்திருந்ததைப் படித்தேன். 200க்கு உரியது.

பாதியாக எழுதியிருந்தால் இரண்டால் பெருக்கிவிட்டால் போச்சு என்று நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பழைய குவளை எந்தத் தேதியில் உடைந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நடுவில் நான் நான்கு நாள் லீவு, அப்போது பார்த்தவர் எதில் அளந்தார் என்று அவருக்கே நினைவில்லை. எந்த எண் சரி, எந்த எண் பாதி என்று தெரியாமல் மூன்று வாரக் கணக்கை மொத்தமாகச் சிவப்பு மையில் அடித்தோம். அந்தப் பக்கத்தைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் அந்தப் பெரியவர் சொன்னார், புனேயில் அன்னா மணி என்று ஒரு அம்மா இருந்தார்கள், தப்பாக அளப்பதற்கு அளக்காமலே இருக்கலாம் என்பது அவர்கள் கட்சி என்று. இன்று வரை எனக்கு அவர் என்றால் தோடு நினைவுக்கு வருவதில்லை, அந்தக் குவளைதான்.

ஒரு பண்ணையிலேயே இப்படி என்றால், நாடு முழுக்க ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரிக் கருவி இருந்தால் என்ன ஆகும்? நாகப்பட்டினத்து மழையும் நாகாலாந்து மழையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடவே முடியாது. அதைச் சரி செய்த வேலையைத்தான் 'சாதனை படைத்தார்' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

அடுத்து வெயில். முன்பெல்லாம் வெயிலை அளக்க ஒரு கண்ணாடிக் குண்டு வைத்திருப்பார்கள், பெரிய ஆரஞ்சுப் பழம் அளவுக்கு. அதற்குப் பின்னால் ஒரு நீல அட்டை. சூரியன் நகர நகர குண்டு வழியாக வரும் ஒளி ஒரு புள்ளியில் குவிந்து அட்டையைக் கருக்கிக்கொண்டே போகும், மேகம் மறைத்தால் கருகல் அறுந்துவிடும். சாயங்காலம் அட்டையை எடுத்துக் கருகலின் நீளத்தைப் பார்த்தால் எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று தெரியும். லேசாகத் தீய்ந்த வாசனை வரும் அதில், எனக்குப் பிடித்த வாசனை. ஆனால் எவ்வளவு நேரம் என்றுதான் அது சொல்லும், எவ்வளவு சக்தி இறங்கியது என்று சொல்லாது. அதற்குப் பைரனோமீட்டர் வேண்டும். கண்ணாடிக் குமிழிக்குள் ஒரு கறுப்புத் தகடு, அது சூடாவதைப் பொறுத்து மிகச் சின்ன மின்னழுத்தம் வரும், அதை அளப்பார்கள். பல நாடுகள் சேர்ந்து பூமியை ஆராய்ந்த 1957–58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி அன்னா மணி நாடு முழுவதும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை வரிசையாக அமைத்தார். அந்தக் கருவிகளையும் பிற்பாடு இங்கேயே செய்ய வைத்தார். 1980இலும் 1981இலும் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றி அவர் வெளியிட்ட இரண்டு நூல்கள் சூரிய மின்சாரம் பற்றி இங்கே வேலை செய்தவர்களுக்குக் கைப்புத்தகம். இன்று மொட்டை மாடிக்கு மாடி தகடு மாட்டுகிறோம், அவர் அளக்க ஆரம்பித்தபோது அது யார் கனவிலும் இல்லை.

ஓசோனை அளக்கப் பலூனில் கட்டி மேலே அனுப்பும் கருவியும் அவர் தலைமையில் இங்கேயே உருவானதுதான், சர்வதேச ஓசோன் குழுவில் உறுப்பினராகவும் இருந்தார். தும்பாவிலிருந்து 1963இல் முதல் ராக்கெட் கிளம்பிய கதை எல்லாருக்கும் தெரியும். சைக்கிளில் ராக்கெட் பாகத்தைத் தள்ளிக்கொண்டு போகும் அந்தப் படத்தை நீங்களே நாலைந்து தடவை போட்டிருப்பீர்கள். விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டபடி அந்தத் தும்பாவில் வானிலை ஆய்வுக்கூடத்தை அமைத்துக் கொடுத்தவர் இவர். அதற்குப் படம் இல்லை, அதனால் கதையும் இல்லை போல.

1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். பெங்களூரு திரும்பி ராமன் ஆய்வு நிலையத்தில் மூன்று வருஷம் வருகைப் பேராசிரியர். அப்புறம்தான் நம் தமிழ்நாட்டுக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய பகுதி வருகிறது. காற்று. எங்கெங்கே எவ்வளவு காற்று அடிக்கிறது என்று ஆண்டு முழுக்க அளந்து தொகுக்கும் வேலையை எடுத்தார். காற்று வேகத்தையும் சூரிய சக்தியையும் அளக்கும் கருவிகள் செய்ய பெங்களூரில் ஒரு சின்னப் பட்டறையே வைத்தார். 1983இல் இந்தியாவின் காற்றுச் சக்தி விவரங்கள் நூலாக வந்தன. 1986இல் தூத்துக்குடிப் பக்கம் காற்றாலைகள் சுற்ற ஆரம்பித்தன, பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும் கயத்தாறும். ரயிலில் நாகர்கோவில் போகும்போது இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக நிற்கிறதே, அதை ஜன்னல் வழியாகப் படம் எடுக்காதவர் யார்?

இதில் அளவு ஏன் முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்கு. காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி வேகத்தின் கனத்துக்கு, அதாவது வேகத்தை அதே எண்ணால் இன்னும் இரண்டு முறை பெருக்கினால் வருவதற்கு, ஏற்றபடி மாறும். நிஜத்தில் வினாடிக்கு 5 மீட்டர் அடிக்கிற இடத்தில், பழுதான கருவி 6 மீட்டர் என்று காட்டுகிறது என்று வையுங்கள். 5இன் கனம் 125, 6இன் கனம் 216. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பிசகு, ஆனால் கிடைக்கும் என்று நம்பிய மின்சாரம் ஒன்றே முக்கால் மடங்குக்குக் கிட்டத்தட்டப் போய்விட்டது. அந்த எண்ணை நம்பிக் கோடிக்கணக்கில் கடன் வாங்கிக் காற்றாலை நட்டவன் கதி என்ன? என் குவளை மூன்று வார மழையைத்தான் கெடுத்தது. காற்று வேகத்தை அளக்கும் கருவியின் சுழலும் கிண்ணம் பொய் சொன்னால் ஒரு ஆலையே படுத்துவிடும்.

1987இல் இந்திய தேசிய அறிவியல் கழகம் கே.ஆர். ராமநாதன் பதக்கம் கொடுத்தது. 1994இல் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். 2001 ஆகஸ்ட் 16ஆம் தேதி திருவனந்தபுரத்தில் இறந்துபோனார், 83ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதையும் எழுதுகிறேன், ஏனென்றால் எழுதாவிட்டால் உங்களுக்கு யாராவது தனியாகக் கடிதம் போட்டுக் கேட்பார்கள்.

நான் கேட்பது மூன்று. 'முனைவர்' என்பதற்கு ஒரு திருத்தம் போடுங்கள், உள்பக்கத்து மூலையில் போட்டாலும் பரவாயில்லை. அடுத்த முறை அவரைப் பற்றி எழுதினால் தோட்டுக்கு ஒரு வரி, கருவிக்குப் பத்து வரி என்று மாற்றுங்கள்.

மூன்றாவது, தினமும் நீங்கள் போடும் வானிலைப் பெட்டி. 'கடந்த 24 மணி நேரத்தில் பெய்த மழை' என்று போடுகிறீர்கள், எந்த 24 மணி நேரம் என்று போடுவதில்லை. முந்தின நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை என்பதுதான் கணக்கு, அதைச் சேர்த்துப் போடுங்கள். அப்புறம் செவ்வாய்க்கிழமை சென்டிமீட்டரிலும் புதன்கிழமை மில்லிமீட்டரிலும் போட்டிருந்தீர்கள். 7 சென்டிமீட்டர் பெய்த ஊருக்கு மறுநாள் 12 மில்லிமீட்டர் என்று வந்ததும், மழை கூடிவிட்டது என்று என் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரைக் கழற்றி மேலே வைத்துவிட்டார். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மழைமானிக்காரி ஒருத்தி